கூப்பிட்டா வராது

உக்காருங்க அம்மணி, பயப்படாதீங்க. பூனைக் கூடையை வேணும்னா அக்கட்டால தள்ளி வெச்சுக்கங்க. இங்கயே வெச்சாலும் இது ஒண்ணும் பண்ணாது. கடிக்கவும் கடிக்காது, கூப்பிட்டா வரவும் வராது. அப்படியொரு நாய். டாக்டர் இப்போதைக்கு வர மாட்டாருங்க. எங்கயோ ஒரு மாடு கன்னு போட முடியாமக் கிடக்குதுன்னு வண்டியெடுத்துட்டுப் போயிருக்காரு. கம்பவுண்டரு சீட்டைக் கொடுத்து உக்காரச் சொல்லிட்டாரு. மாட்டுக்கு முன்னால நம்ம காதுக் கேசெல்லாம் நிக்குமா?

என்ன சொன்னீங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, அந்த ஆடு கத்தற கத்துல ஒண்ணும் விளங்கலை.

பேரா? கருப்பட்டி. நிறத்தைப் பாத்தாலே தெரியுமே. நான் வெச்ச பேரு. அதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, எதுத்த வீட்டம்மா இதைப் 'பட்டு'ன்னு கூப்பிடுது. பட்டுவாம். வளத்தவன் வெச்ச பேரைச் சுருக்கறதுக்கு யாருங்க அது? அதுக்கும் இந்த நாய் வாலை ஆட்டிக்கிட்டு நிக்குது. இன்னைக்கு இங்க வந்ததே அதுக்குத்தான். காது நாத்தம் அடிக்குதுங்கறது ஒண்ணு. ஆனா எனக்கு டாக்டர் வாயால ஒரு வார்த்தை வேணும். "அந்தம்மா கை இந்த நாய் மேல படக்கூடாது, வளத்தவர்தான் பாத்துக்கணும்"னு அவரு சொல்லிட்டாப் போதும். அப்புறம் இது என்கிட்டத் திரும்பிரும். எனக்கு வேறொண்ணும் வேண்டாம். முன்னாடி மாதிரி நான் கூப்பிட்டா இது வரணும், அவ்வளவுதான்.

பொறாமையெல்லாம் இல்லைங்க. எங்க வீட்ல தெய்வானையும் அப்படித்தான் சொல்றா, உங்களுக்குப் பொறாமைன்னு. அறுபத்தி மூணு வயசுல நாய்க்காகப் பொறாமைப்படறவன் உண்டா?

என் பேரு சென்னியப்பன். சந்தைக்குப் பின்னாடி மாவு மில்லு வெச்சிருந்தேன். இப்ப இல்லை, முட்டி வலி வந்ததும் நிறுத்திட்டேன். உங்க அம்மாவைக் கேளுங்க, கட்டாயம் என்கிட்ட மொளகாத்தூள் அரைச்சிருப்பாங்க. மில்லு ஓடற சத்தத்துல, வாசல்ல நிக்கற ஆளுகிட்ட 'ராகியா, கம்பா'ன்னு கேக்கணும்னா தொண்டை வேணுமுங்க. அப்படி வந்த குரல் இது. நான் வீட்டுக்குள்ள ரகசியம் பேசுனா தெருமுக்குல பதில் சொல்லுவாங்கன்னு தெய்வானை கிண்டல் பண்ணுவா.

மில்லை நிறுத்துன வருசம் வீட்ல சும்மா உக்காந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சுரும்னு உடுமலையில இருக்கற மச்சான் இதைக் கொண்டாந்து விட்டாரு. ஒரு படிக்குள்ள அடங்கிரும், அவ்வளவுதான் இருந்துச்சு. காது மட்டும் உடம்பைவிடப் பெருசு. சோத்துல வாயை வெச்சா காதும் கூடப் போய்ச் சோறு திங்கும்.

கடைக்குப் போயிட்டு வரப்ப, தெருமுக்குல வண்டியைத் திருப்பறப்பவே 'டேய் கருப்பட்டி'ன்னு ஒரு குரல் விடுவேன். கேட்டுக்குள்ள இருந்து பறந்து வரும் பாருங்க. ரெண்டு காதும் ரெக்கையாட்டம் அடிச்சுக்கும். தெருவுல இருக்கறவங்க எல்லாம் நின்னு பாப்பாங்க. அந்த ஓட்டத்தைப் பாக்கறதுக்காகவே சாயங்காலமானா நான் ஏதாச்சும் வாங்கப் போவேன். "உப்பு நேத்துதானே வாங்குனீங்க"ம்பா தெய்வானை. வாங்குனா என்ன, உப்பு கெட்டா போகும்? மில்லு இருந்தப்பக்கூட என்னைப் பாத்து யாரும் அப்படி ஓடி வந்ததில்லைங்க. பெத்த பொண்ணே ஓடி வந்ததில்லை. அது பாட்டி கைப்பிள்ளை.

சாவியா? சும்மா, காது கொஞ்சம் அரிக்குது. வண்டிச் சாவிதான் நமக்குத் தோது. மில்லுல மாவுத் தூசி போய்ப் போய் அப்படி ஒரு அரிப்பு. நீங்க அந்தம்மா பாக்கற மாதிரியே பாக்கறீங்களே.

சரி கேளுங்க. எங்க வீட்ல சனிக்கிழமை தப்பினாலும் எண்ணெய்க் குளியல் தப்பாது. பொம்பளைக்கு வெள்ளி, ஆம்பளைக்குச் சனி. இவனும் ஆம்பளைதானே, அப்ப இவனுக்கும் சனிதான். எங்கம்மா எனக்கு என்ன பண்ணுச்சோ அதையே நான் இவனுக்குப் பண்ணுனேன். நல்லெண்ணெயில நாலு மொளகு, ஒரு பல்லு பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, சூடு தணிஞ்சதும் உச்சியில ஒரு கை, முதுகுல ஒரு கை, காதுக்கு ஒரு சொட்டு. சொட்டுன்னா, இவன் காது பெருசுங்களே, ஒரு கரண்டி கேக்கும். அப்புறம் துவைக்கற கல்லுப் பக்கம் நிறுத்தி ஓஸ் பைப்புல தண்ணியைக் காதுக்குள்ளயும் வெளியயும் அடிச்சு, பட்ஸ் குச்சியை விட்டு ஒரு குடை குடைவேன். முடிஞ்சா ரெண்டு பேரும் சீயக்கா வாசத்தோட வெயில்ல உக்காந்திருப்போம். வேற யாரு நாய்க்கு இவ்வளவு பண்ணுவா, சொல்லுங்க பாப்போம்.

பொறவு காதுல ஒரு நாத்தம் வந்துச்சு. புளிச்ச மாவு நாத்தம். மில்லுக்காரனுக்குத் தெரியாத புளிச்ச மாவா? தலையைத் தலையை ஆட்டும். பின்னங்காலால வரட்டு வரட்டுன்னு சொரியும். எண்ணெய் பத்தலை போலிருக்குன்னு, சனியோட புதனையும் சேத்துக்கிட்டேன். அப்ப இருந்து கரண்டிச் சத்தம் கேட்டாலே ஓடிப் போய்க் கட்டிலுக்கு அடியில பூந்துக்கும். புள்ளைங்க எண்ணெய்க்குப் பயந்து ஓடறதில்லையா? நானும் ஓடுனவன்தான். காலைப் பிடிச்சு வெளிய இழுத்தாச் சரியாயிரும்.

அந்தச் சமயத்துலதான் அந்தம்மா எதுத்த வீட்டுக்குக் குடி வந்துச்சு. பேரு வசுந்தரா. வீட்டுக்காரரு பேங்க்குல மேனேஜரு, சேலத்துல இருந்து மாத்தலாகி வந்தாங்க. அந்தம்மாகிட்ட முன்னாடி ஒரு நாய் இருந்துச்சாம். இதே மாதிரி தொங்கு காது. வயசாகிச் செத்துப் போச்சாம். அதோட படத்தைச் சாமி அலமாரிக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருக்கு. செத்துப் போச்சுன்னா இன்னொண்ணு வாங்கிக்கறது. ஊரான் நாய் மேல எதுக்குங்க கண்ணு?

ஒரு சனிக்கிழமை நான் இவனை முட்டிக்குள்ள இடுக்கிக் காதுல எண்ணெய் விடறேன், இவன் ஊளையிடறான். அந்தம்மா பாத்திரம் கழுவுன ஈரக் கையோட ரோட்டைத் தாண்டி வந்துருச்சு. காதுல எண்ணெய் ஊத்தக்கூடாதாம். நாய்க்குக் காதுக்குழி நம்மளுது மாதிரி நேரா இருக்காதாம், கீழ இறங்கி அப்புறம் உள்பக்கம் வளையுமாம். ஊத்துனது வெளிய வராம உள்ளயே ஊறிக்கிட்டுக் கிடக்குமாம். குச்சி விட்டுக் குடைஞ்சா அழுக்கு வெளிய வராது, இன்னும் ஆழத்துக்குத்தான் போகுமாம். காது ஜவ்வு கிழிஞ்சாலும் கிழிஞ்சிருமாம். எங்கம்மா எனக்கு இப்படித்தான் ஊத்துனாங்கன்னு சொன்னேன். "நீங்க நாய் இல்லையே சார்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு. தெய்வானையும் சேந்து சிரிச்சா. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கலைங்க.

அப்புறம் நான் கரூருக்கு ஒரு கண்ணாலத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா அலமாரியில புதுசா ஒரு பாட்டில். நான் இல்லாத நேரம் பாத்து தெய்வானையும் அந்தம்மாவும் ஸ்கூட்டர்ல நடுவால நாயை உக்கார வெச்சு, இதே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காங்க. உள்ளுக்குள்ள புண்ணுன்னு டாக்டர் மருந்து கொடுத்திருக்காரு. புண்ணு ஆறுனப்புறம் வாரத்துக்கு ஒருக்கா அந்த பாட்டில் மருந்தால காதைச் சுத்தம் பண்ணச் சொல்லியிருக்காரு. தெய்வானைக்குக் கை நடுங்கும். அதனால அந்தம்மா வந்து பண்ணும்னு முடிவு பண்ணிட்டாங்க. அவங்களே பேசி அவங்களே முடிவு.

முதல் வாரம் எங்க வீட்லதான் பண்ணுச்சு. நானும் பக்கத்துல உக்காந்தேன். இவன் நடுங்கறான். கிடுகிடுன்னு நடுங்கறான். அந்தம்மா மெதுவா, "சார், நீங்க கொஞ்சம் உள்ள போறீங்களா"ன்னு கேட்டுச்சு. என் வீட்ல, என் நாயை வெச்சுக்கிட்டு, என்னை உள்ள போகச் சொல்லுது. நானும் போனேன். நடுக்கம் நின்னு போச்சு. அடுத்த வாரத்துல இருந்து அந்தம்மா வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிருச்சு.

பேப்பர் படிக்கற மாதிரி ஜன்னலோரம் உக்காந்து நான் எல்லாத்தையும் பாப்பேன். போர்டிகோவுல கால் நீட்டி உக்காந்துக்கும். நாயை முதுகு தன் பக்கம் இருக்கற மாதிரி மடியோட சேத்து வெச்சுக்கும். முதல்ல காதைத் தூக்கி மோந்து பாக்கும். மோந்து பாக்குதுங்க, நாயை மனுசி. மருந்து பாட்டிலை உள்ளங்கையில வெச்சு உருட்டிக்கிட்டே இருக்கும், சில்லுன்னு இருந்தா அதுக்குப் பிடிக்காதாம். அப்புறம் காது மடலை மேல தூக்கி, பாட்டில் மூக்கு உள்ள படாம மருந்தை விட்டு, காதுக்கு அடியில ரெண்டு விரலை வெச்சுப் பிசையும். சளக் சளக்னு சத்தம் எங்க ஜன்னலுக்கே வர்ற மாதிரி இருக்கும். இவன் என்ன பண்ணுவான்னு நினைக்கறீங்க? கண்ணைச் சொருகிக்கிட்டு அந்தம்மா நெஞ்சுல சாஞ்சுக்குவான். சாஞ்சு ஒரு முனகல். அந்த முனகலை நான் ஒரு நாளும் கேட்டதில்லைங்க. எத்தனை கரண்டி எண்ணெய் ஊத்தியிருப்பேன்.

கையை விட்டதும் இவன் தலையைச் சடசடன்னு உதறுவான். அழுக்கும் மருந்தும் அந்தம்மா சேலையெல்லாம் தெறிக்கும். கோவம் வராது, சிரிக்கும். உள்ள கிடக்கற அழுக்கை அவனே உதறிக் கொண்டாந்துருவானாம். அப்புறம் பஞ்சை விரல்ல சுத்திக் கண்ணுக்குத் தெரியற இடத்தை மட்டும் துடைக்கும். விரல் போற தூரம்தான், அதுக்கு மேல போகவே போகாது. அடுத்த காதுக்கு வேற பஞ்சு. எல்லாம் முடிஞ்சு ஒரு துண்டு கேரட். தெய்வானை பக்கத்துல உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டே இதையெல்லாம் வேடிக்கை பாப்பா. எங்க வீட்ல காப்பித்தூள் இல்லையா? கேரட் இல்லையா?

கேரட்டைக் கொடுத்து மயக்கிட்டா. சரி, அந்தம்மா மயக்கிருச்சுன்னு வெச்சுக்கங்க. கோவத்துல வாய் தவறுது.

நானும் விடலை. மருந்துக்கடையில அதே பாட்டிலை வாங்கியாந்து, தெய்வானை கோயிலுக்குப் போன நேரமாப் பாத்து, அதே மாதிரி கால் நீட்டி உக்காந்தேன். முட்டி வலி உயிர் போச்சு. கேரட்டும் நறுக்கி வெச்சிருந்தேன். "வா சாமி, வா தங்கம், அப்பன்கிட்ட வா"ன்னேன். மில்லுல ஒரு நாள்கூட அப்படிக் குழைஞ்சு பேசுனதில்லைங்க. வந்தான், கேரட்டைத் தின்னான். காது மேல கை வெச்சதும் பல்லைக் காட்டிட்டான். உர்ருன்னான். என்னைப் பாத்துங்க. நான் கையை எடுத்துட்டேன். அன்னைக்குச் சோறு இறங்கலை. தெய்வானை என்னன்னு கேட்டா, பித்தம்னேன்.

பொறாமைதாங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நீங்க யாரோ நான் யாரோ. எனக்கு வயிறு எரிஞ்சுது. அந்தம்மா கையில என்ன இருக்கு, என் கையில என்ன இல்லைன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். கடைசியில அந்த மருந்துதான் இவன் புத்தியை மாத்திருச்சுன்னு தோணுச்சு. பழையபடி நம்ம எண்ணெய் உள்ள போனா, பழைய கருப்பட்டி திரும்பி வந்துருவான்னு நினைச்சேன். அந்தம்மாவும் வீட்டுக்காரரும் சேலத்துக்குப் போயிருந்த வாரம், தெய்வானை பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தா. தோதா அமைஞ்சுது. வாய்க்கு ஒரு துணியைக் கட்டிட்டு, ரெண்டு காதுக்கும் தாராளமா விட்டேன். உள்ள கிடக்கற அந்த மருந்தெல்லாம் வரட்டும்னு பட்ஸையும் நல்லா ஆழமா விட்டுக் குடைஞ்சேன். ரெண்டு காதுலயும் கொஞ்சம் சிவப்பாத்தான் வந்துச்சு. ஊறுன அழுக்கு சிவப்பாத்தானே இருக்கும்.

அப்ப இருந்து ஆரம்பிச்சுதுங்க திமிரு.

தெருமுக்குல வண்டியைத் திருப்பிக் குரல் விடறேன், வரலை. கேட்டுக்கு முன்னால வந்து கூப்பிடறேன், வரலை. போர்டிகோவுல முதுகைக் காட்டிப் படுத்திருக்கான், எதுத்த வீட்டையே பாத்துக்கிட்டு. "டேய் கருப்பட்டி"ங்கறேன். பக்கத்து வீட்டுக் குழந்தை எந்திரிச்சு அழுகுது, இவன் காது ஆடலை. கிட்டப் போய் நின்னாத் திடுக்குனு எந்திரிச்சு, யாரோ மாதிரி பாக்கறான். எவ்வளவு அவமானம், சொல்லுங்க. உப்பு வாங்கிட்டு வந்து வாசல்ல நின்னு கத்தறேன், தெருவுல எல்லாரும் பாக்கறாங்க. முன்னாடியும் பாத்தாங்க, இப்பவும் பாக்கறாங்க. அது வேற பார்வை, இது வேற பார்வை. இப்பல்லாம் நான் கடைக்கே போறதில்லைங்க.

அந்தம்மாவுக்கு மட்டும் எப்படி வருதுன்னு நினைக்கறீங்க? வாயைத் தொறந்து கூப்பிடறதுகூட இல்லை. முன்னாடியாவது பட்டு பட்டுங்கும். இப்ப அதுவும் இல்லை. எங்க போர்டிகோவுக்கு வந்து தரையில 'தொம்'முனு ஒரு மிதி. அவ்வளவுதான். இவன் சட்டுனு திரும்பி வாலை ஆட்டிக்கிட்டுப் பின்னாடியே போயிருவான். என் நாயைக் காலால கூப்பிடுதுங்க அந்தம்மா. நான் தொண்டை கிழியக் கத்தறேன், எனக்கு முதுகு. அந்தம்மா காலால மிதிச்சா இவனுக்கு மரியாதை. கலிகாலம்னா இதுதான்.

அப்புறம் ஒரு நாள் அந்தம்மா எங்க கேட்டுக்கிட்ட வந்து நின்னுச்சு. சாயங்காலம், தெய்வானை தண்ணி பிடிச்சுக்கிட்டு இருந்தா. காது திரும்பவும் சிவந்திருக்கு, தொட்டா வலிக்குது, இந்த நிலைமையில வீட்ல சுத்தம் பண்ணவே கூடாது, உடனே டாக்டர்கிட்டக் காட்டணும்னு சொல்லுச்சு. அதோட விடலை. "சார், இன்னொண்ணும் சொல்லணும், வருத்தப்படாதீங்க"ன்னுச்சு. முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சு போச்சு எனக்கு. நாயைக் கேக்க வந்திருக்கு. எங்ககிட்டயே கொடுத்துருங்கன்னு சொல்லப் போகுது.

"என் நாயைப் பத்தி எனக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டாம்"னேன்.

"சார், ஒரு நிமிசம் கேளுங்க, அவனுக்கு..."ன்னுச்சு. கேட்டைச் சாத்திட்டேன். அப்படிச் சாத்துனேன், கொண்டி தெறிச்சு விழுந்துச்சு. அன்னைக்கே ஒரு சங்கிலி வாங்கிக் கொல்லைப்பக்கம் கட்டிட்டேன். தெய்வானை நாலு நாள் என்கிட்டப் பேசலை. நேத்துதான் வாயைத் தொறந்தா. "நீங்களாக் கூட்டிட்டுப் போறீங்களா, இல்லை நான் அந்தம்மாவோட போகட்டுமா"ன்னா. அதான் காலையில முதல் ஆளா வந்து நிக்கறேன். தெய்வானையையும் கூட வர வேண்டாம்னுட்டேன். ஆட்டோவுல மடியில வெச்சுக் கூட்டிட்டு வந்தேன். வர்ற வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தேன், ஒரு தடவை கூட என் மூஞ்சியைப் பாக்கலை. வெளியவே பாத்துக்கிட்டு வந்தான். நெஞ்சழுத்தக்காரன்.

அடேயப்பா, என்னங்க அது சத்தம்? வெளிய ஒரு பையன் இரும்புத் தொட்டியைக் கீழ போட்டுட்டான் போல. ஆடு கயித்தை அத்துக்கிட்டு ஓடுது பாருங்க. உங்க பூனை கூடைக்குள்ளயே எகிறுது, பிடிச்சுக்கங்க. இவனைப் பாருங்க. கண்ணைக்கூடத் தொறக்கலை. நான் சொன்னேனா இல்லையா, இதுதான் இவன் திமிரு.

என்ன சொன்னீங்க? கேக்கலையா? எனக்கா?

இவனுக்கா?

அதெல்லாம் இல்லைங்க அம்மணி. அந்தம்மா மிதிச்சா வர்றான்னு இப்பத்தானே சொன்னேன். காது கேக்காமயா வருவான்? நீங்க என்ன பண்றீங்க, எதுக்குப் பின்னாடி போறீங்க? தட்டுங்களேன், எனக்கென்ன. கையைத் தட்டுங்க. இன்னும் கிட்ட. அந்தக் காதுப் பக்கம். இருங்க, தூங்கறான் போலிருக்கு. இல்லையே, கண்ணு முழிச்சுத்தான் இருக்குது. நீங்க தட்டறது பத்தாது, நான் கூப்பிடறேன்.

கருப்பட்டி.

டேய் கருப்பட்டி.

ஒண்ணுமில்லைங்க கம்பவுண்டர், என் நாயைத்தான் கூப்பிட்டேன். நீங்க போங்க. கருப்பட்டி, அப்பன்டா. இங்க பாரு.

தரையிலயா? தரையில மிதிச்சா என்னங்க ஆகப்போகுது. அந்தம்மா பண்ற வேலையை நான் எதுக்குப் பண்ணணும்? சரி. சரிங்க. உங்களுக்காக ஒருக்கா மிதிக்கறேன்.

வந்துட்டான்.

அம்மணி, வந்துட்டான் பாருங்க. வாலை ஆட்டறான். என்னைப் பாத்துத்தான் ஆட்டறான். திரும்பிப் பாத்ததும் நான்னு தெரிஞ்சு எந்திரிச்சு வர்றான். பாத்தீங்கல்ல?

அப்ப இவனுக்குக் கேக்கலை. தரை அதிர்றது மட்டும்தான் தெரியுது. கேக்காமத்தான் வரலை. கோவம் இல்லைங்க, திமிரும் இல்லை. என்னை வேண்டாம்னு வெச்சுட்டான்னு நினைச்சேன். அத்தனை நாளும் வாசல்ல நின்னு கத்துனேனே, ஒண்ணுகூட அவனுக்கு எட்டலை. எட்டியிருந்தா வந்திருப்பான். என் கருப்பட்டி வந்திருப்பான். எனக்கு இப்ப எவ்வளவு சந்தோசமா இருக்கு தெரியுமுங்களா? கண்ணுல தூசிங்க, இந்த மாட்டுக் கொட்டாய்த் தூசி. காது கேக்கலைன்னா போகுது. காது இல்லாட்டி என்ன, நான் இல்லையா?

எண்ணெயா? எண்ணெயை எதுக்குங்க இப்ப இழுக்கறீங்க. அந்தம்மாவே அன்னைக்கு ஜவ்வு அது இதுன்னுச்சு... இல்லைங்க, அது சும்மா பேச்சுக்குச் சொன்னது. எங்கம்மா எனக்கு ஊத்துன எண்ணெய்தான். எனக்கு நல்லாத்தானே கேக்குது. என்ன? என்ன சொன்னீங்க? அந்த ஆட்டைப் பிடிச்சுக் கட்டச் சொல்லுங்க முதல்ல.

அம்மணி, அப்ப அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு.

அதனாலதான் மிதிச்சிருக்கு. பேரைச் சொல்லிக் கூப்பிடறதை விட்டுட்டுக் காலால தட்டியிருக்கு. அன்னைக்குக் கேட்டுக்கிட்ட நின்னு 'அவனுக்கு'ன்னு ஆரம்பிச்சது இதைச் சொல்லத்தான். நாயைக் கேக்க வரலை. என் நாய்க்குக் காது போனது எனக்கு முன்னாடி அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. அதுதாங்க தாங்கலை எனக்கு. அதையும் அந்தம்மாதான் முதல்ல கண்டுபிடிக்கணுமா? சொல்லியிருக்கலாமே. நான் கேட்டைச் சாத்துனேன், வாஸ்தவம். சாத்துனா என்ன, இன்னொரு தடவை வந்து தட்டறது.

அந்தா, டாக்டர் வண்டி வந்துருச்சு. மாடு நல்லபடியாக் கன்னு போட்டுருச்சு போல, சிரிச்சுக்கிட்டே வர்றாரு. என்னங்க கம்பவுண்டர்? காதுக்குள்ள லைட் அடிச்சுப் பாக்கணுமா? ஆடாமப் பிடிச்சுக்க ஆள் வேணுமா? நான் பிடிச்சுக்கறேன். நான்தானே வளத்தவன். டேய், இங்க வா, சும்மா தொட்டுப் பாக்கறேன். ஒண்ணும் பண்ண மாட்டேன்டா. கையில ஒண்ணும் இல்லை பாரு. எண்ணெய் இல்லை, குச்சி இல்லை. பாருங்க அம்மணி, நான் கையைத் தூக்கறதுக்குள்ள தலையைக் கீழ கொண்டு போய்ட்டான். காதை ரெண்டு காலுக்கு நடுவால ஒளிச்சுக்கறான். வாலை மட்டும் ஆட்டறான். காதை மட்டும் காட்ட மாட்டேங்கறான்.

கொஞ்சம் பொறுங்க கம்பவுண்டர், ஒரு போன் பண்ணிக்கறேன்.

தெய்வானை, நான்தான். ம், வந்து சேந்துட்டோம். இல்லை, இன்னும் பாக்கலை. அந்தம்மா வீட்ல இருக்கா? இருந்தா ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு இங்க வரச் சொல்லு. ஆமா, ஆஸ்பத்திரிக்குத்தான். அழுகாதே, ஒண்ணும் ஆகலை, பிடிச்சுக்க ஆள் வேணுமாம். நான் வரச் சொன்னேன்னு மட்டும் சொல்லாதே. டாக்டர் சொன்னாருன்னு சொல்லு. வர்றப்ப அந்த கேரட்டையும் எடுத்துக்கிட்டு வரச் சொல்லு.

உள்ள கூப்பிடறாங்களா? கருப்பட்டின்னா கூப்பிட்டாங்க? எனக்குச் சரியாக் காதுல விழலை. அந்தம்மா வர்ற வரைக்கும் உள்ள போய் உக்காந்திருக்கோம். நீங்க சங்கிலியை விட்டுருங்க அம்மணி, இழுக்க வேண்டாம். அவன் அப்படி வர மாட்டான். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நான் மிதிக்கறேன். மெதுவாத்தான் மிதிக்கணும், பயந்துக்குவான்.

பாத்தீங்களா? எனக்கும் வர்றானுங்க.